கலமும் தூரிகையும்

ஓவியம் என்றதும் நம் இல்லங்களில் இருவகை ஒதுக்கம் தோன்றுவதுண்டு. 'அது நமக்கு ஆகாதது' என்பது ஒன்று. 'அது நமக்குப் புரியாதது' என்பது மற்றொன்று. முன்னது மார்க்கத்தின் பெயரால் வருவது. பின்னது நவீனத்தின் பெயரால் வருவது. இரண்டு கதவுகளும் ஒருசேரச் சாத்தப்பட்டுவிட்டமையால், கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இந்திய ஓவியம் கடந்துவந்த பாதையை நம்மவருள் கற்றறிந்தோரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கவிதையைப் பேசுகிறோம், காப்பியத்தைப் பேசுகிறோம், சீறாப்புராணத்தின் நயங்களை மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். ஆனால் நம் காலத்து ஓவியர் என்ன செய்தார், ஏன் அவ்வாறு செய்தார் என்று கேட்பாரைக் காணோம்.

அந்தப் பாதையைத் தலைமுறை தலைமுறையாக நடந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நடந்து முடிக்கையில் வாசகர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது என்பது நம் துணிபு. புத்தம் புதியதென்று உலகம் கொண்டாடிய இந்திய ஓவியம் பல திசைகளில் அலைந்து, இறுதியில் வந்து சேர்ந்த இடங்களுள் ஒன்று, நம் முன்னோர் ஒருநாளும் கைவிடாத எழுத்தும் கோடும் புள்ளியுமே ஆகும்.

ஒரு சொல், இரு கருவி

அரபியில் 'கலம்' என்றால் நாணலில் சீவிய எழுதுகோல். திருக்குர்ஆனின் 68-ஆம் அத்தியாயம் அதன் பெயரையே தாங்கியிருக்கிறது. அச்சொல் பாரசீகத்தின் வழியாக இந்திய மண்ணுக்கு வந்தபோது மற்றுமொரு பொருளை ஏற்றது. ஓவியப் பாணியையும் 'கலம்' என்றே வழங்கலாயினர். முகல் கலம், காங்க்ரா கலம் என்பன அவ்வாறு எழுந்த பெயர்கள். துணியில் கலத்தால் வரைந்து சாயமேற்றும் தொழில் கலம்காரி ஆயிற்று. எழுதுவோன் கருவியும் வரைவோன் கருவியும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. இரண்டும் ஒரே கையின் வேலை என்பதே அவ்வுண்மை.

அக்பர் பாதுஷாவின் ஆட்சியை விவரிக்கும் ஆயினே அக்பரியில் அபுல் ஃபஸ்ல் எழுத்துக் கலையையும் ஓவியக் கலையையும் ஒருங்கே வைத்துப் பேசுகிறார். அவற்றுள் எழுத்துக்கே உயர்வு தருகிறார். அந்த அரசவை ஓவியக்கூடத்தில் பாரசீகத்திலிருந்து வந்த மீர் சையித் அலீ, அப்துஸ் ஸமது ஆகிய ஆசான்களும், தஸ்வந்த், பஸாவன் ஆகிய ஹிந்து ஓவியர்களும் பணியாற்றினர். அவர்கள் ஆக்கிய ஏடுகளில் எழுத்தும் சித்திரமும் ஒரே பக்கத்தைப் பங்கிட்டுக்கொண்டன.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தக் கூட்டு கலைந்தது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் கலைப் பள்ளியொன்றைத் தொடங்கினார். கல்கத்தாவிலும் பம்பாயிலும் அவ்வாறே பள்ளிகள் எழுந்தன. பார்த்ததைப் பார்த்தவாறே வரையும் ஐரோப்பியப் பயிற்சி வேரூன்றியது. எழுத்து குமாஸ்தாவின் மேசைக்குப் போயிற்று. தூரிகை வகுப்பறைக்குப் போயிற்று. நவீன இந்திய ஓவியத்தின் வரலாறு என்பது, இவ்வாறு பிரிந்துபோன இரண்டும் மீண்டும் ஒன்றையொன்று தேடிய வரலாறு என்றே நாம் கொள்கிறோம்.

நாமக்கல் கண்ட முதல் தலைமுறை

முதல் தலைமுறையின் பெரும்புகழுக்குரியவர் திருவிதாங்கூரின் ராஜா ரவிவர்மா (1848-1906). எண்ணெய் வண்ணத்தில் மனித உருவை உயிருள்ளதுபோல் தீட்டும் ஐரோப்பிய வித்தையை அவர் கைவசப்படுத்தினார். 1894-இல் அவர் நிறுவிய அச்சகம் அவருடைய படங்களை எளியோர் வீட்டுச் சுவருக்கும் கொண்டு சேர்த்தது. அன்று தொடங்கி ஓவியம் என்றால் அச்சாக உரித்து வைத்த உருவம் என்னும் எண்ணம் தமிழ்நாட்டில் நிலைபெற்றது.

அந்த வித்தையின் வல்லமையையும் எல்லையையும் காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. காவிரிக் கரையில் மோகனூரில் 1888-இல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளையை நாடு நாமக்கல் கவிஞர் என்று அறியும். அவர் முதலில் ஓவியராகவே பெயர் பெற்றவர் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். தாசில்தார் அலுவலகத்தில் எழுத்தராகவும் பின்னர்த் தொடக்கப் பள்ளி ஆசிரியராகவும் சிலகாலம் இருந்த அவர், உருவப்படம் தீட்டுவதில் தேர்ந்தவராய் விளங்கினார். தில்லியில் நடந்த முடிசூட்டு விழாவையொட்டி ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வரைந்து பதக்கமும் பெற்றார்.

அதே மனிதர் 1930-இல் வேதாரணியத்தை நோக்கி உப்புச் சத்தியாக்கிரகப் படை புறப்பட்டபோது, அப்படையினர் பாடிச் செல்வதற்கு நடைப்பாட்டு எழுதித் தந்தார். சிறையும் சென்றார். 1949-இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானார். 1972-இல் மறைந்தார்.

இங்கே நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். மன்னரை வரையத் தூரிகை போதுமானதாயிருந்தது. மன்னரின் ஆட்சியை மறுக்க அது போதவில்லை. அப்பொழுது அவர் எழுதுகோலை எடுக்க நேர்ந்தது. இது தனியொருவரின் திறமைக் குறை அன்று. அத்தலைமுறைக்குக் கிடைத்த ஓவிய மொழியிலேயே அந்தக் குறை இருந்தது. முகத்தை அச்சாக வடிக்க அது கற்றுத் தந்தது. நெஞ்சில் உள்ளதைச் சொல்லக் கற்றுத் தரவில்லை. தமிழ்ச் செய்யுளோ ஈராயிரம் ஆண்டுப் பழக்கத்தோடு அவருக்காகக் காத்திருந்தது. ஆகவே அவருள் இருந்த கவிஞர் வளர, ஓவியர் ஒதுங்கினார். நிழற்படக் கருவி ஊர்தோறும் வந்தபின் உருவப்பட ஓவியருக்கு இருந்த பிழைப்பும் சுருங்கிற்று.

வங்கமும் லாகூரும்

நம் பழைய மொழியிலேயே ஓவியம் பேச இயலாதா என்று இரண்டாம் தலைமுறை கேட்டது. கல்கத்தாவில் அவனீந்திரநாத தாகூர் (1871-1951) எண்ணெய் வண்ணத்தை விடுத்து, முகல் ஏடுகளையும் ராஜபுதனச் சித்திரங்களையும் சப்பானிய நீர்வண்ண முறையையும் துணைக்கொண்டார். 1905-இல் அவர் தீட்டிய பாரத மாதா ஓவியம் சுதேசி இயக்கத்தின் கொடிபோல் ஆயிற்று. நாமக்கல் ஓவியருக்குக் கிட்டாத சொல்வன்மையை வங்கத் தூரிகை ஓரளவு பெற்றது எனலாம்.

லாகூரில் அப்துர் ரஹ்மான் சுக்தாய் இதே காலத்தில் தமக்கென ஒரு வழி கண்டார். 1928-இல் வெளிவந்த முரக்கஏ சுக்தாய் என்னும் ஏட்டில் மிர்ஸா காலிபின் கவிதைகளுக்கு அவர் சித்திரம் தந்தார். அங்கே உடையின் மடிப்பும் கூந்தலின் வளைவும் உருதுக் கையெழுத்தின் வளைவுகளாகவே நமக்குத் தோன்றுகின்றன. எழுதும் கையே வரைந்தாற்போன்ற கோடு அது. பிரிந்த கலமும் தூரிகையும் முதன்முதலாக ஒன்றையொன்று அடையாளங் கண்டுகொண்டது அங்கேதான் என்று கூறத் தோன்றுகிறது. ஆயினும் அத்தலைமுறையின் குறையையும் மறைப்பதற்கில்லை. அவர்கள் பழமையின் கனவிலே நெடுநேரம் தங்கிவிட்டனர். பசியும் ஆலையும் சேரியும் அந்த மென்மையான வண்ணங்களுக்குள் எளிதில் நுழையவில்லை.

பம்பாயின் அறுவர்

அந்தக் கனவைக் கலைத்தவர் மூன்றாம் தலைமுறையினர். நாடு விடுதலை பெற்ற 1947-இல் பம்பாயில் முற்போக்கு ஓவியர் குழு தோன்றியது. சூசா, ரஸா, ஆரா, ஹுசைன், காடே, பாக்ரே என்னும் அறுவர் அதனைத் தொடங்கினர். கிறித்தவர், முஸ்லிம், ஹிந்து என மூவகைக் குடும்பத்தினரும் ஒரு குழுவில் கூடினர். பிரிவினையின் இரத்தம் காயாத ஆண்டில் இத்தகைய கூட்டுறவு எழுந்ததே ஒரு செய்தியாகும்.

அவருள் மக்பூல் ஃபிதா ஹுசைன் (1915-2011) பண்டரிபுரத்தில் பிறந்தவர். சினிமா விளம்பரப் பதாகைகள் எழுதிப் பிழைத்தவர். அவருடைய புகழ்பெற்ற குதிரைகளுக்கு முஹர்ரம் ஊர்வலத்தில் அவர் கண்ட துல்துல் குதிரையும் ஒரு மூலம். 1955-இல் அவர் தீட்டிய 'ஸமீன்' என்னும் நெடிய ஓவியம் இந்தியக் கிராமத்தைத் துண்டு துண்டாக அடுக்கிக் காட்டிற்று. அழகாகக் காட்டுவதைவிட உண்மையாகக் காட்டுவதே கடமை என்று அத்தலைமுறை கருதியது.

ஹுசைனின் பிற்கால வாழ்வைப் பேசாமல் கடப்பது நேர்மையன்று. 1970-களில் அவர் வரைந்த சில ஹிந்து தெய்வ உருவங்கள் பற்றி 1996 முதல் பெரும் எதிர்ப்பு எழுந்தது. வழக்குகளும் தாக்குதல்களும் தொடர, 2006-இல் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். 2010-இல் கத்தர் நாட்டின் குடியுரிமை பெற்றார். 2011-இல் லண்டனில் மறைந்தார். இடையே 2004-இல் அவர் எடுத்த திரைப்படத்தின் பாடலொன்றில் திருமறைச் சொற்கள் இடம்பெற்றமைக்காக முஸ்லிம் அமைப்புகளும் எதிர்ப்புக் காட்டின. படம் திரும்பப் பெறப்பட்டது. பிறர் வணங்குவதைத் தீட்டும் கை, வணங்குவோர் நெஞ்சின் கனத்தை அறிந்திருக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அவ்வாறே, ஓவியத்துக்கு மறுமொழி விமர்சனமே தவிர, முதியவர் ஒருவரை நாட்டை விட்டு விரட்டுவதாகாது என்பதிலும் ஐயமில்லை. நம்மவர் மனம் புண்பட்டபோது மட்டும் முதற் பாதியையும், பிறர் மனம் புண்பட்டபோது மட்டும் இரண்டாம் பாதியையும் நினைவு கூர்வது நீதியாகாது.

சென்னையில் எழுத்து திரும்பியது

பம்பாயின் வேகம் தெற்கே அப்படியே வந்துவிடவில்லை. சென்னைக் கலைப் பள்ளியில் 1957 வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் தலைமை வகித்தவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி. அவனீந்திரநாதரின் மாணவர். மெரினாக் கடற்கரையில் பாறையைப் பெயர்க்கும் நான்கு தொழிலாளரின் சிலையைக் காணாத தமிழர் அரியர். அது அவர் கைவண்ணம். அவருக்குப் பின் பள்ளியின் தலைவரானவர் அவர் மாணவரான கே. சி. எஸ். பணிக்கர் (1911-1977). கோயம்புத்தூரில் பிறந்தவர். 1944-இல் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தையும், 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தையும் தோற்றுவித்தவர். பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்று, அந்த வருவாயில் ஓவியர்கள் தம் நிலத்தில் தாமே வாழ்வது என்பது அக்கிராமத்தின் ஏற்பாடு.

1963 முதல் பணிக்கர் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையே நம் ஆராய்ச்சிக்கு மையமானது. மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டில் எண்களும் குறிகளும் பரவியிருந்த அழகு அவரைக் கவர்ந்ததாம். அதிலிருந்து தொடங்கி, மலையாள எழுத்துகளும் சாதகக் கட்டங்களும் எண்களும் சிறுசிறு உருவங்களும் திரை முழுவதும் நிறைந்தன. ஓலைச் சுவடியை விரித்து வைத்தாற்போன்ற தோற்றம். குமாஸ்தாவின் மேசைக்குப் போன எழுத்து, ஓவியனிடம் திரும்பி வந்துவிட்டது!

ஆனால் அந்த எழுத்தைப் படிக்க முயல்வோர் ஏமாறுவர். அது படிப்பதற்காக எழுதப்பட்டதன்று. எழுத்தின் வடிவம் இருக்கிறது, சொல் இல்லை. அரபு மதரஸாவில் எழுத்தை அமானிதமாகக் கருதிப் பயின்ற நம் போன்றோர்க்கு இது நெருடலாகவே இருக்கும். ஓர் எழுத்தின் மேல் ஒரு நுக்தாவைக் கூட்டினாலோ குறைத்தாலோ பொருள் மாறிவிடும் என்று அஞ்சி எழுதிய மரபு நம்முடையது. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் அமைச்சராயிருந்த இப்னு முக்லா, நாணற் கலத்தை அழுத்தி எடுத்தால் விழும் புள்ளியையே அளவாகக் கொண்டு, அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி, மற்றை எழுத்தின் வளைவு இத்தனை புள்ளி என்று வரையறுத்தார். அழகும் பொருளும் ஒருங்கே பிறக்க வேண்டும் என்பதே அந்த ஒழுங்கின் உயிர்.

பணிக்கரின் பக்கமும் நியாயம் உண்டு. அரபு எழுத்தை ஓதத் தெரிந்து பொருள் அறியாத எத்தனை ஆயிரம் பேர் நம்முள் இருக்கின்றனர்! மிஹ்ராபின் மேல் எழுதிய வரியைக் கண்டதும், அதன் பொருள் விளங்கும் முன்னரே அவர்கள் நெஞ்சம் அடங்குகிறது. எழுத்தின் வடிவத்துக்கே ஒரு பேச்சு உண்டு என்பதற்கு அது சான்று. அந்தப் பேச்சைப் பணிக்கர் கேட்டார். அவருடைய வெற்றி அது. பொருளை வெளியே நிறுத்திவிட்டது அவர் கொடுத்த விலை. அவரிடத்தில் தேடலாக இருந்தது, பின்பற்றிய சிலரிடத்தில் வெறும் அலங்காரமாகத் தேய்ந்தது என்பதே நம் முடிவு.

அதே சோழமண்டலத்தில் வாழ்ந்த ஜே. சுல்தான் அலீ (1920-1990) என்பவரை நம் சமுதாயம் அறவே மறந்துவிட்டது. பம்பாயில் பிறந்து சென்னைக் கலைப் பள்ளியில் பயின்றவர். நடு இந்தியப் பழங்குடியினரின் வடிவங்களில் மனம் தோய்ந்து, காளையும் நாகமுமாக அடர்ந்த உருவங்களைத் தீட்டினார்; அவற்றுக்கிடையே எழுத்துப் போன்ற கீற்றுகளை நிரப்பினார். அவருடைய உலகம் நம் இல்லத்து உலகம் அன்று என்பது மெய்யே. எனினும் பிறர் மரபின் அருகே பணிவோடு அமர்ந்து கற்ற ஒரு முஸ்லிம் கலைஞரின் பெயரைக்கூட நாம் அறியாதிருப்பது பெருமைக்குரியதாகாது.

அவர்களுக்கு அடுத்த தலைமுறையில் கே. எம். ஆதிமூலம் (1938-2008) திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்தவர். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் கோட்டிலேயே வரைந்த காந்தி ஓவியங்கள் தமிழரின் நினைவில் தங்கியவை. பின்னாளில் உருவத்தை முற்றும் துறந்து, நிலமும் வானும் போன்ற வண்ணப் பரப்புகளுக்குச் சென்றார். தமிழ் நூல்களின் அட்டையில் தலைப்பெழுத்தை ஓர் ஓவியமாகவே தீட்டிக் காட்டியவரும் அவரே. மன்னரை வரைந்த நாமக்கல் ஓவியர்க்குக் கிட்டாத ஒன்று இவருக்குக் கிட்டியிருந்தது. காந்தியடிகளைப் பற்றிச் சொல்ல அவர் தூரிகையைக் கீழே வைக்க வேண்டியிருக்கவில்லை.

புள்ளி, கோடு, சொல்

சென்னையில் எழுத்து இவ்வாறு திரும்பிக்கொண்டிருந்த காலத்திலேயே, பம்பாய்க் குழுவிலிருந்து பாரீஸ் சென்ற ஸையித் ஹைதர் ரஸாவும் (1922-2016) தம் தொடக்கத்தைத் தேடினார். மத்தியப் பிரதேசத்து மண்ட்லா மாவட்டக் காட்டூர் ஒன்றில், வன அதிகாரியின் மகனாகப் பிறந்தவர். மனம் ஒருமைப்படாத சிறுவனான அவருக்கு ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியிட்டு அதையே நோக்கச் சொன்னார் என்பது அவர் கூறிவந்த செய்தி. 1970-களின் பிற்பகுதி முதல் அந்தக் கரும்புள்ளி அவருடைய ஓவியங்களின் நடுவே வந்தமர்ந்தது. 1981-இல் தீட்டிய 'மா' என்னும் ஓவியத்தில் ஹிந்திக் கவிதை வரியொன்றையும் எழுதினார். அங்கே எழுத்து படிப்பதற்காகவே எழுதப்பட்டது.

அப்புள்ளியை அவர் இந்திய மெய்ப்பொருள் மரபின் 'பிந்து'வாகக் கண்டார். நம் கண்ணுக்கு அது கலத்தின் நுக்தாவாகவும் தோன்றுகிறது. தமிழ் மெய்யெழுத்தின் தலையில் அமர்ந்து அதன் ஒலியை அடக்கும் புள்ளியாகவும் தோன்றுகிறது. அரபுத்தமிழ் எழுதிய நம் முன்னோர், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு இருக்கும் எழுத்திலேயே புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி இடம் தந்தனர். ஒரு புள்ளியால் ஒரு மொழிக்கே இருக்கை தந்தவர்களின் பேரர்களுக்கு ரஸாவின் புள்ளி எப்படி அந்நியமாகும்? இறுதிக் காலத்தில் அது வாய்பாடுபோல் திரும்பத் திரும்ப வந்தது என்னும் குறையைச் சொல்லலாம். தொடக்கத்தில் இருந்த ஆழத்தை அக்குறை அழித்துவிடாது.

இவர்க்குப் பின் நாம் பெருமையோடு சொல்லத்தக்கவர் இருவர் பெண்கள். இருவரும் 1937-இல் பிறந்தவர்கள். நஸ்ரீன் முஹம்மதி கராச்சியில் பிறந்து, 1972 முதல் பரோடாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 1990-இல் மறைந்தார். உருவமில்லை, வண்ணமில்லை, பென்சிலும் மையும் கொண்டு இழுத்த நுண்ணிய கோடுகள் மட்டுமே. நரம்பு நோய் கையைத் தளர்த்தியபோதும் அவர் கோடு தளரவில்லை. வாழ்ந்த காலத்தில் சிலரே அறிந்திருந்த அவர் ஓவியங்களைக் கொண்டே, 2016-இல் நியூயார்க்கின் பெருநகர் அருங்காட்சியகம் தன் புதிய கிளையைத் திறந்தது.

ஸரீனா ஹாஷ்மி அலிகரில் பிறந்தவர். அங்கேயே கணிதம் பயின்றவர். 2020-இல் லண்டனில் மறைந்தவர். பிரிவினையின் விளைவாக அவர் குடும்பம் பின்னாளில் கராச்சிக்குப் பெயர்ந்தது. அவருடைய 'வீடு ஓர் அந்நிய இடம்' (1999) என்பது மரத்தில் செதுக்கி அச்சிட்ட 36 படங்களின் தொகுதி. ஒவ்வொன்றிலும் ஓர் உருதுச் சொல். அச்சொல்லுக்கேற்ற சில கோடுகள். வாசற்படி, சுவர், கூரை போன்ற வீட்டின் சொற்கள் அவை. 2001-இல் இரு நாட்டு எல்லையைக் கரிய கோடு ஒன்றினாலேயே காட்டினார். ஒரு முகம்கூட வரையாமல், வீடிழந்த இலட்சக்கணக்கானோரின் துயரத்தை அந்த ஒற்றைக் கோடு சொல்லிவிடுகிறது.

பணிக்கர் வெளியே நிறுத்திய பொருளை ஸரீனா உள்ளே அழைத்து வந்தார். சுக்தாயிடத்தில் ஒன்றையொன்று அடையாளங் கண்ட கலமும் தூரிகையும் இவரிடத்தில் ஒன்றாகவே ஆகிவிட்டன. தலைமுறைகளின் நெடும் பயணத்தில் இதனையே உயர்ந்த கட்டமாக நாம் மதிக்கிறோம்.

மார்க்கத்தின் பெயரால்

இனி, 'ஆகாதது' என்னும் முதற் கதவுக்கு வருவோம். இக்கட்டுரை ஃபத்வா அன்று. அதற்குரிய இடம் வேறு. ஆயினும் மார்க்க நூல் பயின்றோர் அனைவரும் அறிந்த சிலவற்றை நினைவூட்டுதல் தகும். உருவம் சமைப்போரை எச்சரிக்கும் நபிமொழிகள் உள்ளன. அவற்றை இலேசாக எண்ணுவதற்கில்லை. உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, அந்த நபிமொழியை எடுத்துரைத்த அவர்கள், மரத்தையும் உயிரில்லாதவற்றையும் வரையுமாறு வழிகாட்டினார்கள். தொழிலை விடு என்று சொல்லாமல் தொழிலுக்கு ஒரு திசை காட்டினார்கள் என்பதை நாம் சிந்திக்க வேண்டும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த திமிஷ்க்கின் பெரிய பள்ளிவாசலில், மரமும் ஆறும் மாளிகையுமாக வண்ணக் கற்களால் அமைத்த காட்சிகள் உள்ளன. உயிரினம் ஒன்றும் அவற்றில் இல்லை. நம் கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் கல்தூண்களில் தமிழ்ச் சிற்பியின் பூவும் கொடியும் உள்ளன, உருவங்கள் இல்லை.

உயிருள்ளவற்றின் தட்டையான படங்கள் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முஃப்தியாயிருந்த முஹம்மது அப்துஹு (மறைவு 1905) வணங்கப்படும் அச்சம் நீங்கிய இடத்துப் பயனுள்ள படங்களை விலக்கவில்லை. அதனை ஏற்காதோர் பலர். அவ்வேறுபாட்டை மதிப்போம். ஆனால் எழுத்து, கோடு, புள்ளி, கொடி, மலர், நிலம், நீர் ஆகியவற்றில் தடையேதும் இல்லையே! நஸ்ரீனும் ஸரீனாவும் நடந்தது முழுவதும் அந்தத் திறந்த வெளியில்தான். கதவு சாத்தியிருக்கிறது என்று நாம் நின்றுகொண்டிருந்தோம். அது என்றுமே தாழிடப்படவில்லை.

நம் கையில் இருப்பது

இவையெல்லாம் பாரீசுக்கும் பரோடாவுக்கும் உரியவை, சேலத்துச் சமவெளிக்கு என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லை நாடு லாரிகளால் அறியும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்னும் ஊர்ப்பெயர்கள் இந்தியாவின் நெடுஞ்சாலை எங்கும் உலா வருகின்றன. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில், கட்டி முடித்த வண்டிக்குத் தாமரையும் கொடியும் தீட்டி, முகப்பில் உரிமையாளர் பெயரை நிழல் விழ எழுதிய கைகள் எத்தனை! பிறையும் சிலுவையும் கோயில் கோபுரமும் ஒரே பலகையில் அருகருகே அமைந்ததும் அக்கைகளாலேயே. எந்தக் கல்லூரியிலும் பயிலாத அவர்கள், எழுத்தும் ஓவியமும் ஒன்றே என்பதை அறிந்திருந்தனர். 2000-க்குப் பின் ஸ்டிக்கரும் ஃபிளெக்ஸும் வந்து அந்தப் பிழைப்பைப் பெரிதும் பறித்துக்கொண்டன.

நம் சமுதாயத்துக்குள்ளும் இதுவே நடந்திருக்கிறது. 1927-இல் சென்னையில் தொடங்கிய 'முஸல்மான்' என்னும் உருது நாளேடு தலைமுறைகளாகக் காத்திபுகளின் கையெழுத்திலேயே வெளிவந்தது. பத்தமடையின் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள் மணமக்கள் பெயரைக் கோரைப் பாயிலேயே நெய்து கொடுத்தனர். அந்தக் கோரை நம் மோகனூர், பரமத்தி வேலூர்க் காவிரிக் கரையிலும் விளைகிறது. அந்தக் கண்ணும் கையும் எங்கே போயின? பழைய பள்ளிவாசலைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி, காரைச் சுவரில் எவரோ ஒரு முன்னோர் எழுதிய அரபு வரியின் மேல் எனாமல் பூசுகிறோம். அல்லது பளபளக்கும் ஓடு பதிக்கிறோம். கடையில் அச்சிட்டு விற்கும் பொன்னிற எழுத்தை வாங்கி மாட்டுகிறோம். அழகிய கையெழுத்துடைய பிள்ளையைப் பாராட்டிவிட்டு, அந்தக் கைக்கு வேறு பயிற்சி ஏதும் தராமல் அனுப்பிவிடுகிறோம். படம் வரையும் பெண்குழந்தையை, 'பாடத்தைப் படி' என்று அதட்டுகிறோம். ஆலிமும் பொறியாளரும் மருத்துவரும் தேவையே. நஸ்ரீன் ஒருவரோ ஸரீனா ஒருவரோ நம் வீட்டிலும் பிறந்திருக்கலாம் என்னும் நினைவும் தேவை.

செய்யத்தக்கவை எளியவை. மதரஸாக்களில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் எழுத்தணிக் கலைக்கு ஒதுக்கலாம்; நாணற் கலமும் மையும் விலை மிக்கவை அல்ல. பள்ளிவாசலைப் புதுப்பிக்கும் முன், உள்ள எழுத்தையும் கொடிவேலையையும் நிழற்படமெடுத்து வைக்கலாம். இயன்றால் அவற்றை அப்படியே காக்கலாம். சென்னைக்குச் செல்லும் குடும்பத்தினர் கடற்கரையோடு திரும்பாமல், சோழமண்டலத்தில் 2009 முதல் உள்ள சென்னை ஓவிய இயக்கத்தின் அருங்காட்சியகத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். புரியவில்லையே என்று அவர்கள் கேட்டால், எழுத்து எங்கே இருக்கிறது, புள்ளி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடிப் பார்க்கச் சொல்லலாம். மற்றதை அவர்கள் கண்களே கற்றுக்கொள்ளும்.